புது மோட்டார் சைக்கிளை ஏஜென்சி திரும்பக் கூப்பிட்டால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நகையை அடகு வைத்து, மிச்சத்துக்கு லீசிங் எடுத்து வாங்கிய பைக். இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. முன் பிறேக் லீவரில் பிழை இருக்கிறதாம், இலவசமாக மாற்றித் தருகிறோம், கொண்டுவாங்கோ என்று ஷோரூமில் இருந்து போன் வந்தது. பழுதான சாமானைத் தெரிந்தே என் தலையில் கட்டிவிட்டார்களா? காசைத் திருப்பிக் கேட்கலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அத்தனை காலம் பொறுத்திருந்து, கடனும் பட்டு வாங்கியவருக்கு இப்படி ஒரு போன் வந்தால் நெஞ்சு கொதிக்கும்தான். ஆனாலும் அந்தப் போன் வந்தது நல்லது என்றே சொல்வேன். வராமல் விட்டிருந்தால் அந்த லீவரோடுதான் நீங்கள் ஏ9 வீதியில் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

இப்படிக் கொம்பனியே திரும்பக் கூப்பிட்டு இலவசமாகத் திருத்தித் தருவதுதான் ரீகோல். ரீகோல் என்றால் உங்கள் பைக் பழுது என்று முடிவாகிவிட்டதாக அர்த்தமில்லை. ஒரு காலப்பகுதியில் செய்த உதிரிப்பாகத்தில் சில பிழைத்திருக்கும். எது பிழைத்தது என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாததால் அந்தக் காலப்பகுதிப் பைக்குகள் எல்லாவற்றையும் கூப்பிடுவார்கள். 2021 இல் றோயல் என்ஃபீல்ட் இக்னிஷன் கொயில் பிழைக்காக இந்தியா உட்பட ஏழு நாடுகளில் ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் பைக்குகளைத் திரும்ப அழைத்தது. மாற்றவேண்டி வருவது 10 வீதத்துக்கும் குறைவு என்று அவர்களே எதிர்பார்த்தார்கள். 2024 பெப்ரவரியில் யமஹாவும் இந்தியாவில் 3 இலட்சம் அளவிலான 125 சிசி ஸ்கூட்டர்களை பிறேக் லீவருக்காகவே அழைத்தது.

காசைத் திருப்பிக் கேட்பதை இப்போதைக்கு விடுங்கோ. முதலில் வேலையைச் செய்விக்கவேணும். செய்ய மறுத்தாலோ, காசு கேட்டாலோ, மாற்றிய பிறகும் லீவர் சரிவராவிட்டாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து விசாரிக்கலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போகவேணும் என்று விதி இருப்பதால் உங்களுக்கு நாள் அதிகம் இல்லை. ரசீதையும் அந்தப் போன் வந்த திகதியையும் இன்றைக்கே எடுத்து வையுங்கோ.

கேள்வி: ஒரு வருடம் ஓடிய பைக்கை வேறொருவரிடம் வாங்கினோம். பெயர் இன்னும் மாற்றவில்லை, ஓப்பின் பேப்பரில்தான் நிற்கிறது. எங்களுக்கும் ரீகோல் உண்டா?
– வாசகி, வேலணை

பதில்: உண்டு தங்கச்சி. பிழை பைக்கில் இருக்கிறது, பெயரில் இல்லை. ஏஜென்சியின் கடிதமும் போனும் முதல் வாங்கியவருக்குத்தான் போகும், அவர் உங்களுக்குச் சொல்ல மறந்துவிடுவார். அதனால் நீங்களே கேட்கவேணும். வாகனப் புத்தகத்தில் சேசிஸ் நம்பர் இருக்கும். ஹாண்டில் திரும்புகிற கழுத்துப் பகுதியிலும் அதைக் கொத்தியிருப்பார்கள். அநேகமாக 17 எழுத்தும் இலக்கமுமாக இருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று ஒத்துப்பார்த்து, அந்த நம்பரைச் சொல்லி ஏஜென்சியில் விசாரியுங்கோ. வட்ஸ்அப்பில் சுற்றுகிற பட்டியலை நம்பி இருக்கவேண்டாம். பெயர் மாற்றத்தையும் இனித் தள்ளிப்போடாதேங்கோ.

இன்னொன்று. கடலுக்கு மேலால் போகிற பண்ணைப் பாலத்தால் நாளாந்தம் வந்துபோகிற பைக்குகளில் உப்புக்காற்றுப் பட்டு லீவர் ஆணி கறள் பிடித்து இறுகும். அது ரீகோல் பிழை அல்ல. கழற்றித் துடைத்து கிறீஸ் போட்டால் சரி.

கேள்வி: முன் பிறேக் லீவருக்காக எங்கள் பைக்கையும் ரீகோலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கராஜ்காரர் கெட்டிக்காரர். “இதுக்கேன் யாழ்ப்பாணம் மட்டும் போறீங்கள்? ஒரு ஸ்பிறிங் போட்டு விடுறன்” என்கிறார். செய்விக்கலாமா?
– வாசகர், நெல்லியடி

பதில்: வேண்டாம். அவருடைய கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இது ஸ்பிறிங்கோடு முடிகிற விசயம் அல்ல. விட்டதும் லீவர் முழுதாகத் திரும்பாவிட்டால், லீவர் பிறேக் ஒயிலை அமுக்குகிற மாஸ்ரர் சிலிண்டருக்குள், அந்த ஒயில் தாங்கிக்குத் திரும்புகிற சின்னத் துவாரம் மூடியபடியே நிற்கும். அமுக்கம் இறங்காது. பிறேக் பாட் முன் சில்லின் டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருக்கும், டிஸ்க் சுடும், சூட்டில் ஒயில் விரிந்து பிறேக்கை இன்னும் இறுக்கும். வல்லை வெளியில் பக்கக்காற்று அடிக்கிற நேரம் முன் சில்லு இறுகினால் என்ன நடக்கும் என்பதை ஓடுகிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொம்பனி மாற்றித் தருவது திருத்திச் செய்த பாகம். அதோடு, வெளியில் செய்வித்தால் உங்கள் சேசிஸ் நம்பருக்கு எதிரே வேலை முடிந்ததாகப் பதிவும் விழாது. நாளைக்கு இதை வாங்குகிறவரும் ஒரு மனிதர்தானே.

சேர்விஸை வெளிக் கராஜில் செய்தவர்களும் பயப்படவேண்டாம். வொறண்டி வேறு, ரீகோல் வேறு.

கேள்வி: ரீகோலுக்கு மாற்றவேண்டிய பிறேக் லீவர்ப் பாகம் வர மூன்று கிழமை ஆகுமாம். அதுவரைக்கும் மகளை அதே பைக்கில் பள்ளிக்கூடம் ஏற்றிப் போகலாமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: அம்மா, “ஓடலாமா, கூடாதா” என்று ஏஜென்சியிடம் நேரே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கோ. கூடாது என்றால் நிறுத்தவேண்டியதுதான். ஓடலாம் என்று சொன்னாலும் ஒவ்வொரு காலையும் இதைப் பாருங்கோ. முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்து விடுங்கோ. கை எடுத்த பிறகும் பிறேக் லைற் அணையாமல் எரிந்தால் லீவர் திரும்பவில்லை. பைக்கைத் தள்ளிப் பார்க்க முன் சில்லு பாரமாக உருண்டாலும் அதேதான். கொஞ்சத் தூரம் ஓடி வந்து டிஸ்க்கில் இரண்டு சொட்டுத் தண்ணி தெளிக்க, பிறேக் பெரிதாகப் பிடிக்காமலே அது சுரீர் என்று ஆவியானால் சூடு கூட. கையால் தொட்டுப் பார்க்காதேங்கோ. இதில் ஒன்று தெரிந்தாலும் மகளை ஏற்றவேண்டாம், நீங்களும் ஓடவேண்டாம். ஏஜென்சிக்குப் போன் எடுத்து, வந்து ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கோ. வேலை முடிந்த அன்று மாற்றிய பாகத்தின் பெயரும் சேசிஸ் நம்பரும் எழுதிய ஜொப் காட்டில் ஒரு பிரதி வாங்காமல் வெளிக்கிடாதேங்கோ.