டோக்கன் உங்கள் பையில் இருக்கட்டும்

கோத்தகிரி வாசகர்: உத்யம் பதிவு செய்துதர 3,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வேண்டாம். உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு. அரசுத் தளத்தில் அது இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும், பத்து நிமிட வேலை.

குன்னூர் வாசகர்: ஸ்டேஷனரி மொத்த வியாபாரம். உத்யம் இருந்தும் ஈ.எம்.டி. (டெண்டருக்கான முன்வைப்புத் தொகை) கட்டவில்லை என்று என் டெண்டரைத் தள்ளிவிட்டார்களே?

தள்ளியது சரிதான். வியாபாரிக்கு உத்யம் கொடுப்பது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும். ஈ.எம்.டி. விலக்கெல்லாம் தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். பெரும்பாலும் டெண்டரிலேயே எழுதியிருப்பார்கள். கடைசிப் பக்கம் வரை படியுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது?

கொடைக்கானல் வாசகி: அரசுக் கொள்முதலில் பெண்களின் நிறுவனங்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு என்று முன்பு சொன்னீர்கள். ஊராட்சி ஒன்றியத்தின் சிறுபால டெண்டரில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

அது மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும். உங்களுடையது கட்டுமானப் பணி, கொடுப்பதும் உள்ளாட்சி. இரண்டு வழியும் அடைப்பு.

பந்தலூர் வாசகி: பழங்குடிப் பெண், சிறிய தையல் கூடம் நடத்துகிறேன். கீழ்நாட்டு ஒப்பந்ததாரர் ஒருவர், 'உங்கள் பெயரில் ஆர்டர் எடுக்கிறேன், பில்லுக்கு 2 சதவீதம் உங்களுக்கு' என்கிறார். என் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கனும் ஓடிபி வரும் சிம்மும் அவரிடம் இருக்குமாம்.

கொடுக்காதீர்கள், அம்மா. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே போய் வாங்குங்கள்.

ஊட்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் மேசை டிராயரைத் திறந்தபோது நானே பார்த்தேன். ஒன்பது டோக்கன்கள், ரப்பர் பேண்டு போட்டு. ஒவ்வொன்றிலும் ஒட்டிய ஸ்டிக்கரில் ஒரு பெண்ணின் பெயர், அதன் கீழேயே பாஸ்வேர்டு. அந்தப் பெண்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் எந்த டெண்டரில் கையெழுத்துப் போட்டோம் என்று தெரியும்?

2012 கொள்முதல் கொள்கைப்படி மத்திய அரசு வாங்குவதில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களுக்கு. அதற்குள் 4 சதவீதம் பட்டியலினத்தவர், பழங்குடியினருடையது. அந்த 4 நிரம்பாமலேயே கிடப்பதால்தான் உங்கள் பெயருக்கு இத்தனை கிராக்கி. சரக்கு மட்டமாக இருந்தால் கருப்புப் பட்டியலில் ஏறுவது உங்கள் பெயர். ஜிஎஸ்டி பாக்கிக்கு நோட்டீஸ் வருவதும் உங்கள் வீட்டுக்குத்தான். அவர் அடுத்த ஊரில் அடுத்த பெயரைத் தேடிப் போய்விடுவார். கூட்டு நிறுவனமாக்கலாம் என்றும் ஆசை காட்டுவார். உங்கள் பங்கு 51 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்தச் சலுகையும் போச்சு.

உங்களிடம் எத்தனை தையல் மெஷின் இருக்கிறதோ அந்த அளவுக்கு ஆர்டர் எடுங்கள். என்.எஸ்.ஐ.சி. (தேசிய சிறுதொழில் கழகம்) நடத்தும் தேசிய எஸ்சி-எஸ்டி மையத்தில் டெண்டர் போட உதவி கேளுங்கள். டோக்கன் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

அருவங்காடு வாசகர்: எல்-1 (மிகக் குறைந்த விலை சொன்னவர்) ஒரு லட்சம், என் விலை 1.12 லட்சம். எனக்கு ஆர்டர் உண்டா?

எல்-1 பெரிய நிறுவனம் என்றால், அதன் விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள் இருக்கும் சிறு நிறுவனமான உங்களுக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் ஒரு லட்சத்துக்கே கொடுக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற்றும் லாரி வாடகையையும் கணக்கில் சேர்த்தீர்களா? பலர் சேர்ப்பதில்லை, அப்புறம் அழுகிறார்கள்.

வெலிங்டன் வாசகர்: பை தைத்துக் கொடுத்து ஏழு மாதம் ஆயிற்று. பணம் வரவில்லை.

வாங்கியவர் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாள்தான் கெடு. அதற்குமேல் போனால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டுவட்டியாக. சிறு நிறுவனங்களின் பாக்கிக்கான மத்திய அரசின் இணையதளத்தில் புகார் போடுங்கள். அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று பயந்துதான் ஏழு மாதம் சும்மா இருந்தீர்கள் போல.

ஊர் எழுதாத வாசகர்: டெண்டர் எடுப்பது எப்படி? விவரமாகச் சொல்லவும்.

என்ன தொழில், எந்த ஊர், என்ன பதிவு இருக்கிறது? அதை முதலில் எழுதுங்கள்.

கூடலூர் வாசகர்: கடைசி நாள் மாலை கரண்ட் போய்விட்டது. நேரம் நீட்டிப்பார்களா?

மாட்டார்கள். ஆடி மழையில் கூடலூரில் கரண்ட் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? டெண்டரை இரண்டு நாள் முன்பே தளத்தில் ஏற்றியிருக்கலாம்.