பதினேழு வயதில் போட்ட கையெழுத்து

கேள்வி: எனக்கு 21 வயது. கோவை. நானே எழுதி, நானே மெட்டுப் போட்ட ஏழு பாட்டுகளை வெறும் கிட்டாரோடு பாடி, என் முதல் ஆல்பமாக 2023 ஜனவரியில் வெளியிட்டேன். சென்னையில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கும், தெரிந்த அண்ணன் ஒருவர் காசு வாங்காமல் ரெக்கார்டு செய்து கொடுத்தார். மிக்ஸிங், மாஸ்டரிங்குக்கு வெளியாள் ஒருவருக்கு நான்தான் 18,000 ரூபாய் கொடுத்தேன். வேலை தொடங்கும் முன், 2022 மார்ச்சில், ஸ்டூடியோ லெட்டர்பேடில் ஒரு பக்கம் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். அப்போது எனக்கு 17 வயது 8 மாதம். கீழே அம்மாவும் கையெழுத்துப் போட்டார். அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பாடிய தாலாட்டோடு தொடங்கும் பாட்டு ஒன்று இப்போது ரீல்ஸில் ஓடுகிறது. ஸ்பாட்டிஃபையில் பார்த்தால் ‘இசை’ என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. அதே பாட்டை நான் மொட்டைமாடியில் பாடிப் போட்ட வீடியோவுக்கு யூடியூபில் அவர் தரப்பிலிருந்து உரிமை கோரல் வந்துவிட்டது. கேட்டால், “எல்லாமே ஸ்டூடியோவுக்குத்தான், நீயே எழுதிக் கொடுத்திருக்கேம்மா” என்கிறார். இதுவரை இரண்டு தவணையாக 11,400 ரூபாய் அனுப்பினார். இப்போது பழைய தாளை ‘உறுதி செய்து’ புதிதாக ஒன்றில் கையெழுத்துக் கேட்கிறார். அவர் செய்த உதவியை நினைத்தால் சண்டை போட மனம் வரவில்லை. என்ன செய்வது?

(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: அந்தப் புதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் ‘சரிண்ணா’ என்று பதில் போடாதீர்கள், கட்டைவிரல் படம்கூட வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

பழைய தாள் அவ்வளவு உறுதியானது என்றால் எதற்காக மறுபடி உறுதி செய்யச் சொல்கிறார்? விவரம் தெரிந்த யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். 18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது. ‘பிறகு ரத்து செய்துகொள்ளலாம்’ என்ற வகை அல்ல, பிறக்கும்போதே உயிரில்லாதது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவை வைத்து, 1903இல் மோஹரி பீபி வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு இன்றுவரை அசையவில்லை. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை 18 வயதுக்குப் பிறகு ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தாலும் உயிர் வராது. ஆனால் 21 வயதில் நீங்கள் போடும் கையெழுத்து ஒரு புது ஒப்பந்தமாக நிற்கக்கூடும். அதில் பத்து ரூபாய் பிரதிபலன் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும், பழைய தாளால் கிடைக்காதது புதிய தாளால் அவருக்குக் கிடைத்துவிடும்.

11,400 ரூபாய் வாங்கியதால் மாட்டிக்கொண்டோமோ என்று பயப்பட வேண்டாம். அது ஒப்புதல் ஆகாது. வழக்கு என்று வந்தால் அந்தத் தொகையைக் கணக்கில் வைக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம், அவ்வளவுதான்.

அம்மாவின் கையெழுத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். நீங்கள் அனுப்பிய அந்தத் தாளின் படத்தை மூன்று முறை படித்துவிட்டேன். மொத்தம் பதினோரு வரி. அம்மாவின் கையெழுத்து ‘சாட்சி’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாட்சி என்பவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவர். அவர் எதையும் எழுதிக் கொடுத்தவர் ஆகமாட்டார். காப்பாளராகவே போட்டார் என்று வாதிட்டாலும், உங்கள் குடும்பத்துக்கு 1956ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் பொருந்துமானால், மைனரின் தலையில் தனிப்பட்ட கடப்பாட்டைக் கட்டிவிடக் காப்பாளருக்கு அதிகாரம் இல்லை என்று அதன் 8ஆம் பிரிவு சொல்கிறது. ‘அடுத்த மூன்று ஆல்பமும் இந்த ஸ்டூடியோவில்தான்’ என்ற ஒன்பதாவது வரி அங்கேயே விழுந்துவிடும்.

இனி பாட்டுக்கு வருவோம். அவரும் நீங்களும் ‘ஆல்பம்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு சொத்துகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு, மெட்டு ஓர் இசைப் படைப்பு. இரண்டையும் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு, நீங்கள் ‘மாஸ்டர்’ என்று சொல்வது, மூன்றாவது சொத்து. பாட்டு நிலம் என்றால் பதிவு அதன்மேல் கட்டிய வீடு. வீட்டுக்குச் செங்கல் கொடுத்தவர் நிலத்துக்குப் பட்டா கேட்க முடியாது.

வரியும் மெட்டும் உங்களுடையவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இசையமைப்பாளர் என்பவர் ஸ்வரம் எழுதியவராகவோ நோட்டேஷன் தெரிந்தவராகவோ இருக்க வேண்டியதில்லை. நோட்டேஷனாக எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் இசையை உருவாக்கியவரே இசையமைப்பாளர் என்று 1994இல் வந்த திருத்தம் வெளிப்படையாகச் சொல்கிறது. பேருந்தில் போகும்போது போனில் முணுமுணுத்துப் பதிந்து வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 40 நொடிக் கோப்புதான் உங்கள் மூலப் பத்திரம். மைக்கை எங்கே வைப்பது, எதிரொலி எவ்வளவு வேண்டும் என்று தீர்மானித்தவர் சவுண்டு இன்ஜினியர். அது பெரிய வேலைதான், ஆனால் அதற்கு ‘இசை’ என்று பெயர் போட முடியாது.

“சினிமாவில் தயாரிப்பாளருக்குத்தானே உரிமை?” என்று யாராவது உங்களைக் குழப்புவார்கள். இசையமைப்பாளர்கள் பற்றிய வழக்குச் செய்தி வரும் வாரங்களில் எனக்கும் இதே கேள்வி வரும். படத்துக்காகக் கூலி கொடுத்து எழுதச் சொன்ன பாட்டைப் பற்றி 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. உங்கள் ஆல்பம் படமும் அல்ல, நீங்கள் அவரிடம் சம்பளத்துக்கு இருந்தவரும் அல்ல.

மாஸ்டர் விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒலிப்பதிவுக்கு முதல் உரிமையாளர் அதன் தயாரிப்பாளர். தயாரிப்பாளர் என்றால் பதிவைச் செய்ய முன்கை எடுத்து, பொறுப்பையும் ஏற்றவர் என்று சட்டம் விளக்குகிறது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துப் பாடியிருந்தால் கேள்வியே இல்லை, மாஸ்டர் உங்களுடையது. நீங்கள் வாடகை கொடுக்கவில்லை. அவர் இடம் கொடுத்தார், மைக் கொடுத்தார், பல ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தார். “என் ரிஸ்க்கில் எடுத்தேன்” என்று அவர் சொன்னால் அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. உங்கள் பக்கம் 18,000 ரூபாய் ஜிபே ரசீது, கூட வாசிக்க நண்பரை அழைத்து வந்தது, அட்டைப்படம் வரையச் சொன்னது, எந்தப் பாட்டு எந்த வரிசையில் என்று முடிவு செய்தது எல்லாம் இருக்கின்றன. இருவரும் சேர்ந்து தயாரித்தது என்றுகூட நீதிபதிக்குத் தோன்றலாம். என் கணிப்பில் பாட்டு முழுக்க உங்களுடையது, மாஸ்டர் இழுபறி. பேச்சுவார்த்தையில் உட்காரும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாதத்துக்கு அந்தத் தாள் செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் நினைக்கிற அளவு அதில் ஒன்றும் இல்லை. ‘ஆல்பத்தின் அனைத்து உரிமைகளும் ஸ்டூடியோவையே சாரும்’ என்று ஆறாவது வரி. எந்தப் பாட்டுகள் என்று இல்லை, எத்தனை வருடம் என்று இல்லை, எந்த நாட்டில் என்று இல்லை, ராயல்டி எவ்வளவு என்றும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இத்தனையும் எழுதச் சொல்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டுதான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதாவது நல்ல நாளிலேயே அந்தத் தாளுக்கு 2027 மார்ச் வரைதான் ஆயுள். அதோடு, 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலை எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டியில் சரிபாதியை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ, வசூல் செய்து கொடுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. இது படப் பாட்டுக்கு மட்டும் அல்ல, தனி ஆல்பத்துக்கும் 18ஆம் பிரிவில் தனியாகவே எழுதியிருக்கிறது. அப்படி வசூலித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் எழுத்தாளர், இசையமைப்பாளர் என இரண்டாகவும் உறுப்பினராகிவிடுங்கள்.

மொட்டைமாடி வீடியோ எளிது. மாஸ்டர் அவருடையதாகவே இருந்தாலும், அந்த உரிமை அந்த ஒரு பதிவோடு முடிந்தது. காக்கைச் சத்தத்தோடு நீங்கள் புதிதாகப் பாடிய பாட்டு வேறு பதிவு. யூடியூபிலேயே ஆட்சேபணை கொடுங்கள். பதில் சொல்ல அவருக்கு 30 நாள் உண்டு, சொல்லாவிட்டால் கோரல் தானாக விலகும். ஏழு பாட்டையும் மறுபடி ரெக்கார்டு செய்யவும் உங்களுக்குத் தடை இல்லை. டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஆல்பங்களின் மாஸ்டர்கள் வேறு கைக்குப் போனபோது, 2021 முதல் அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பாடி வெளியிட்டது இந்த வழியில்தான். பாட்டு அவருடையதாக இருந்ததால் முடிந்தது. ‘இத்தனை வருடத்துக்கு மறுபடி பதிவு செய்யக் கூடாது’ என்ற வரி பெரிய நிறுவன ஒப்பந்தங்களில் இருக்கும். உங்கள் பதினோரு வரியில் அது இல்லை.

கூட கிட்டார் வாசித்த நண்பரை மறந்துவிடாதீர்கள். நான்காவது பாட்டின் தொடக்க இசை அவரே யோசித்து வாசித்தது என்றால், நாளை அவரும் கேட்பார், அதில் நியாயமும் இருக்கும். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு ஸ்பிளிட் ஷீட் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

இனி நடைமுறை. போனில் இருக்கும் மூலக் கோப்புகளைத் தொடாதீர்கள், பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலில் முதலில் பதிந்த தேதி தங்காது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆவணத்துக்கு, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணோடு சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு மூலக் கருவி கையில் இருந்தால் நல்லது. பதிப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனாலும் வரிக்கும் மெட்டுக்கும் தலா 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்துவிடுங்கள்.

பிறகு வழக்கறிஞர் மூலம் ஒரு நோட்டீஸ். பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி படைப்பாளியின் பெயர் அவருடைய உரிமை, சொத்தையே விற்றாலும் அது கூடவே இருக்கும். ‘இசை’ என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள், இதுவரை வந்த தொகைக்கு, பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கணக்கறிக்கையைக் கேளுங்கள். போலீஸுக்குப் போகச் சொல்லி நண்பர்கள் ஏற்றிவிடுவார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கைது செய்யும் அளவுக்குக் கடுமையானது என்பது உண்மைதான். ஆனால் அவர் கையில் ஒரு தாள் இருக்கும்போது, ஸ்டேஷனில் அது கட்டப்பஞ்சாயத்தாகத்தான் முடியும். அங்கே அவசரத்தில் உங்களிடம் இன்னொரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். எனக்கு அதுதான் பயம்.

வழக்கு என்றால் சென்னைக்கு அலைய வேண்டாம், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தொடுக்க 62ஆம் பிரிவு இடம் தருகிறது. வழக்கின் மதிப்பு மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் அது வணிக வழக்கு. அவசரத் தடை கேட்காத பட்சத்தில் முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். உங்கள் விஷயத்தில் அது நல்லது என்பேன். சண்டை போட மனம் வரவில்லை என்றீர்கள், சமரச மேசையில் சண்டை வேண்டியதில்லை. மாஸ்டரில் அவருக்கு ஒரு பங்கு, பாட்டு முழுக்க உங்களுக்கு, பெயர் திருத்தம் உடனே: இதற்கு அவர் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வருடக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள், இழப்பீடு கேட்க மூன்று ஆண்டுதான் கெடு. வழக்கறிஞர் கட்டணம் கவலை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச உதவி உண்டு.

கடைசியாக, அம்மிச்சி. தாலாட்டின் வரியும் மெட்டும் வழிவழியாக வந்தவை என்றால் அவை உங்களுடையவும் அல்ல, ஸ்டூடியோ அண்ணனுடையவும் அல்ல. விண்ணப்பத்தில் அந்தப் பகுதியை ‘மரபுத் தாலாட்டு’ என்று ஒதுக்கிக் காட்டிவிடுங்கள். ஆனால் ஆல்பத்தில் ஒலிப்பது அம்மிச்சியின் குரலேதான், அடுப்படியில் நீங்கள் போனில் பதிந்த 14 நொடி என்கிறீர்கள். அப்படியானால் 38ஆம் பிரிவுப்படி அவரும் ஒரு நிகழ்த்துகலைஞர். அந்தக் குரலை வெளியிட அனுமதிக்கும் உரிமை 50 ஆண்டுகளுக்கு அவருடையது. ஸ்டூடியோ லெட்டர்பேடில் அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. ரீல்ஸில் ஓடுவதே அந்த 14 நொடிதான் என்பதால், சமரசத்தில் உங்கள் கையில் இருக்கும் நல்ல சீட்டு அதுதான். இந்த வாரமே ஊருக்குப் போய், விஷயத்தை அவருக்குப் புரியும்படி படித்துக் காட்டி, உங்கள் பெயருக்கு ஒரு சம்மதக் கடிதம் வாங்கி வாருங்கள். கையெழுத்துப் போட வராது என்றால் கைரேகை போதும், பக்கத்தில் இரண்டு சாட்சி வேண்டும். அதில் ஒருவராக அம்மாவைப் போடாதீர்கள்.