குளிசையை நிறுத்தினால்தான் விசுவாசமா?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 23 வயது. கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். அப்பா துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அம்மா வீட்டிலிருந்து தைத்துக் கொடுப்பவர். சின்ன வயதிலிருந்தே ஒரு சிறிய சுயாதீன சபையில் வளர்ந்தவள் நான். ஞாயிறு பாடசாலையில் படித்து, பிறகு அங்கேயே பிள்ளைகளுக்குப் பாட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

சென்ற வருடம் தாய்லாந்தின் வடபகுதியில் உள்ள ஒரு மிஷனரி பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். முதலில் வகுப்பு, அதன்பிறகு அதே அளவு காலம் வெளி ஊழியம். சம்பளம் கிடையாது, செலவு முழுக்க நம்முடையது. 2022க்குப் பிறகு டொலர் என்ன விலை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சபையில் ஆளாளுக்குத் தந்தார்கள். இடியப்பம் அவித்து விற்கிற ஒரு பாட்டிகூட கவரில் மடித்துக் கையில் வைத்தார். அம்மா செட்டியார் தெருவில் தன் வளையல்களை அடகு வைத்தார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாகவேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்த நேரம். ஆராதனைக்குப் புறப்பட்டுத் தெருவில் இறங்கியபோது கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. என்னவென்று புரியாமல் நின்ற என்னை எங்கள் லேனில் இருக்கும் சிங்கள அன்ரி கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் இழுத்துக் கதவைப் பூட்டினார். அதற்குப் பிறகு சனக்கூட்டம் கண்டால், பட்டாசு கேட்டால் மூச்சு அடைக்கும். பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் அந்தப் பயத்துக்குச் சேர்ட்ரலின் என்ற குளிசை தந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு படித்தேன், புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு வேலையும் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது.

பள்ளியின் முதல் வாரங்களைக் குறை சொன்னால் அது பொய். விடியற்காலை ஆராதனை. ஒரு கொரியப் பிள்ளை கிற்றார் வாசிப்பாள். சமையல் முறை வந்தால் எல்லோரும் சேர்ந்து தட்டுத்தட்டாக முட்டை உடைப்போம். ஒருநாள் நான் சொதி வைத்தேன், பிரேசில் பொடியன் ஒருவன் அதைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தான். அவ்வளவு சந்தோஷமாக நான் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

பிறகு பாவ அறிக்கை வாரம் வந்தது. கதிரைகளை வட்டமாகப் போட்டு நடுவில் ஒரு டிஷ்யூ பெட்டி வைப்பார்கள். ஒவ்வொருவராக எழும்பிச் சொல்லவேண்டும். யாராவது அழாமல் சொல்லி முடித்தால் “இன்னும் ஆழமாகப் போ” என்பார் தலைவர். என் முறையில் குளிசை எடுப்பதைச் சொன்னேன். அது பயத்தின் ஆவி என்றார். “தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்” என்ற வசனத்தை எல்லோரும் சத்தமாக வாசித்தார்கள். குளிசைக் கார்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

சில நாட்களில் தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல ஒரு உணர்வு வந்தது. நித்திரை இல்லை, வாந்தி, காரணமில்லாத கோபம். “ஆவி வெளியேறும்போது இப்படித்தான் இருக்கும், முழங்காலில் நில்” என்றார்கள். நின்றேன்.

வெளி ஊழியத்தில் ஒரு விகாரையைச் சுற்றி ஜெப நடை. அந்த இடத்தைப் பிடித்திருக்கும் தீய ஆவிகளின் கோட்டையை ஜெபத்தால் உடைக்கவேண்டுமாம். அன்றைக்கு அங்கே ஏதோ திருவிழா, மேளம், சனம். ஒரு தாய்லாந்துப் பாட்டி வெயிலில் நடக்கிற எங்களைப் பார்த்துப் பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். குடிக்காதே என்று தலைவர் கண்ணால் காட்டினார். எனக்கு எங்கள் லேன் அன்ரியின் ஞாபகம். குடித்துவிட்டேன். அன்றிரவு மூச்சு முட்டி விழுந்தேன். வீட்டுக்குப் போகவேண்டும் என்றேன். “கலப்பையின்மேல் தன் கையை வைத்துப் பின்னிட்டுப்பார்க்கிற எவனும் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியுள்ளவன் அல்ல” என்று தொடங்கினார்கள். பாஸ்போர்ட் அவர்களுடைய ஆபீசில் இருந்தது. அப்பா கோல் எடுத்துச் சத்தம் போட்ட பிறகுதான் கைக்கு வந்தது. பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

அம்மா எல்லோரிடமும் விசா பிரச்சினை என்று சொல்லிவைத்திருக்கிறார். பாஸ்டர் வரும் மாத முதல் ஞாயிறு சாட்சி சொல்லச் சொல்கிறார். வேதாகமத்தைத் திறந்தால் அந்தத் தலைவரின் குரலில்தான் வசனம் கேட்கிறது. இரவில் ஒரு கொப்பியில் என் பாவங்களை எழுதுகிறேன். ஒன்று விட்டுப்போய்விட்டதோ என்ற பயத்தில் மறுபடி முதலிலிருந்து எழுதுகிறேன். “கர்த்தர் உனக்காகக் காத்திருக்கிறார், மனந்திரும்பி வா” என்று அவர் வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். இப்போது எங்கள் சபைத் தம்பி ஒருவன் அதே பள்ளிக்கு விண்ணப்பித்துவிட்டு, எப்படி இருந்தது என்று என்னைக் கேட்கிறான்.

நான் பின்வாங்கிப்போனவளா? தந்த காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமா? மேடையில் என்ன சொல்வது?

இப்படிக்கு,
பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றிப் பதில் சொல்கிறேன். உடம்பு முதலில், மேடை பிறகு.

குளிசையை மேசையில் வைத்த சில நாட்களில் தலைக்குள் கரண்ட் அடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்ட்ரலின் வகைக் குளிசைகளை ஒரேயடியாக நிறுத்தினால் வருவது அச்சு அசலாக அதுதான். மருந்து உடம்பைவிட்டு இறங்கிய ஓரிரு நாளில் தொடங்கும். தலைச்சுற்று, குமட்டல், நித்திரையின்மை, எரிச்சல், மின்சாரம் பாய்ந்ததுபோன்ற அதிர்வு எல்லாம் வரும். அதனால்தான் நிறுத்தவேண்டிய நேரம் வந்தாலும் டொக்டர்மார் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். உங்களுக்கு அது ஒரே இரவில் நடந்தது. அந்தத் தலைவர் மருந்து நின்றதன் விளைவைப் பார்த்துவிட்டு, தான் சொன்ன ஆவிக்கு அதையே அத்தாட்சியாக்கிக்கொண்டார். பிறகு விகாரை வாசலில் மேளமும் சனமும் சேர்ந்தபோது, அதுவரை மருந்து அடக்கிவைத்திருந்த 2019இன் பயமும் எழும்பியது. இதில் உங்கள் விசுவாசம் எங்கே தோற்றது? எனக்குத் தெரியவில்லை.

இந்த வாரமே பழைய கிளினிக் கார்டை எடுத்துக்கொண்டு போங்கள். எப்போது நிறுத்தினீர்கள், என்னென்ன வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோனால் நல்லது. நெரிசலில் நின்று வாயால் சொல்லும்போது பாதி மறந்துவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் குளிசையை நீங்களாகவே பழைய அளவில் தொடங்கவேண்டாம், அதை டொக்டர் முடிவு செய்யட்டும். குண்டுவெடிப்பு போன்ற அதிர்ச்சிக்குப் பேச்சு வழிச் சிகிச்சையும் இருக்கிறது, அதையும் கேளுங்கள். இரவில் தாங்கமுடியாமல் போனால், உயிரை விடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலும்கூட, அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

அந்த வட்டத்தைப் பற்றி. பாவ அறிக்கைக்கு நான் எதிரி இல்லை, யாக்கோபு நிருபத்திலேயே இருக்கிற பழக்கம் அது. ஆனால் நான் கேட்பேன்: தலைவர்கள் தங்கள் பாவங்களைச் சொன்னார்களா? “நான் இன்றைக்குச் சொல்லவில்லை” என்று ஒருவர் உட்கார்ந்திருக்க முடிந்ததா? பாஸ்போர்ட் ஆபீசில், திரும்பிவரக் காசு இல்லை, தெரிந்த முகம் ஒன்றுமில்லை என்ற நிலையில் ஒரு பிள்ளை வாய் திறப்பதை மனமுவந்த அறிக்கை என்று என்னால் எண்ணமுடியாது. எல்லாவற்றையும்விட, நோய் ஒன்று பாவப் பட்டியலில் ஏறியதுதான் அந்த வாரத்தின் பெரிய பிழை. உங்களுக்கு வாசித்துக் காட்டிய வசனம் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது. அதே பவுல் அதே தீமோத்தேயுவுக்கு இன்னொரு நிருபத்தில், “உன் வயிற்றிற்காகவும், உனக்கு அடிக்கடி நேரிடுகிற பலவீனங்களுக்காகவும்” கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று எழுதுகிறார். ஒன்று தீமோத்தேயு 5:23. சுகமில்லாத ஊழியக்காரனுக்கு அவர் சொன்னது அந்தக் காலத்து மருந்து. அந்த வசனத்தையும் அன்றைக்கு யாராவது சத்தமாக வாசித்திருக்கலாம்.

கொப்பி விஷயம் எனக்குக் கவலை தருகிறது. மனந்திரும்பினவருக்கு ஒரு கட்டத்தில் ஆறுதல் வரும். நீங்கள் எழுத எழுத ஆறுதல் குறைந்து சந்தேகம்தான் கூடுகிறது. இது புதிய வியாதி இல்லை. புரொட்டஸ்தாந்து சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் துறவியாக இருந்த காலத்தில் ஒன்று விட்டுப்போனதோ என்று மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வாராம். அவருக்கு மூத்தவரான ஸ்டாவ்பிட்ஸ் சலித்துப்போய், மன்னிக்கத்தக்க பாவமாக ஏதாவது கொண்டுவா என்று கடிந்துகொண்டதாகச் சொல்வார்கள். இன்றைக்கு இதை ஓ.சி.டி. வகையில், அதாவது ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் மனநோய் வகையில், சேர்த்துப் பார்க்கிறோம், சிகிச்சையும் இருக்கிறது. டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதுவரை கொப்பியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். எண்ணம் வந்தால் வரட்டும், சரிபார்க்க எழும்பவேண்டாம். முதல் சில இரவுகள் கஷ்டமாக இருக்கும், அதை மறைக்கமாட்டேன்.

வேதாகமத்தில் அந்தக் குரல் கேட்பதற்கும் நீங்கள் பயப்படத் தேவையில்லை. பயந்த நேரத்தில் காதில் விழுந்தது அந்த வார்த்தைகளோடு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். கொஞ்ச நாள் தனியாக வாசிக்காதீர்கள். அப்பாவையோ அந்த இடியப்பப் பாட்டியையோ ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த வசனங்களை வேறு வாயிலிருந்து கேட்டுப் பழகவேண்டும்.

ஊருக்கு வந்தும் ஊர் ஒட்டவில்லை என்றால் அதற்கும் காரணம் உண்டு. வெளிநாட்டில் வரும் கலாசார அதிர்ச்சியைப் பற்றி மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் எழுதிய பெயர்பெற்ற கட்டுரை 1960இல் வெளியானது. வந்த இதழோ மிஷனரிமார் வாசிக்கும் ஒரு மானிடவியல் இதழ். அதாவது இந்தச் சங்கதி மிஷனரி உலகத்துக்குத் தெரிந்து அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. போன இடத்தில் மட்டுமல்ல, திரும்பி வந்த வீட்டிலும் அதே அதிர்ச்சி வரும் என்பதையும் பிறகு வந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிள்ளைகளை அனுப்புகிற பள்ளிகள் இதைச் சொல்லிக்கொடுத்து அனுப்பவேண்டும்.

தண்ணீர் குடித்ததைக் கீழ்ப்படியாமை என்று கொப்பியில் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அழித்துவிடுங்கள். தாய்லாந்திலும் இங்கேயும் இருப்பது ஒரே தேரவாத பௌத்தம். 1753இல் சியாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, வந்த உபாலி தேரர் என்ற பிக்குவால்தான் இங்கே சியாம் நிகாய என்ற பிக்குகள் சங்கமே உருவானது. வெளிநாட்டிலிருந்து வந்த தலைவருக்கு அந்த விகாரை ஒரு கோட்டையாகத் தெரிந்திருக்கலாம். குண்டு வெடித்த அன்றைக்கு உங்களை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டிய அன்ரியோடு ஒரே லேனில் வளர்ந்தவர் நீங்கள். உங்களுக்கு அது எப்படிக் கோட்டையாகத் தெரியும்?

இனி மேடை. சபைக்கு நீங்கள் காசின் கணக்குக் கொடுக்கவேண்டும், மனசின் கணக்கை அல்ல. ஒரு பக்கத் தாளில் வரவு, கட்டணம், டிக்கட், மிச்சம் என்று எழுதிப் பாஸ்டரிடம் கொடுங்கள். கணக்கு வேலை பார்த்தவர், உங்களுக்கு இது பெரிய காரியம் இல்லை. மிச்சமிருந்தால் அதைக் கொடுங்கள். செலவானதைத் திருப்பவேண்டியதில்லை, அது கடன் அல்ல, காணிக்கை. அம்மாவின் வளையல் வேறு கதை. வேலைக்குத் திரும்பியதும் முதலில் அதை மீட்டுக்கொடுங்கள்.

விசா பிரச்சினை என்ற பேச்சை மேடையில் உடைத்து அம்மாவைத் தலைகுனியவைக்கவேண்டாம். அதே நேரம் நீங்கள் அதைத் திரும்பச் சொல்லவும் வேண்டாம். “எனக்குச் சுகமில்லாமல் போனது, அதனால் நேரத்தோடு வந்துவிட்டேன், இப்போது வைத்தியம் பார்க்கிறேன், தந்தவர்களுக்கு நன்றி.” இவ்வளவும் உண்மை, இவ்வளவும் போதும். முன்கூட்டியே பாஸ்டரைத் தனியாகச் சந்தித்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டுபோய், முழுவதையும் அவரிடம் மட்டும் சொல்லுங்கள். சாட்சியைத் தள்ளிவைக்கக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பின்வாங்கிப்போனவளா என்று கேட்டீர்கள். அப்போஸ்தலர் 13இல் யோவான் என்னும் மாற்கு பாதி வழியில் பவுலை விட்டுப்பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிப்போகிறான். ஏன் என்று அங்கே ஒரு வரிகூட இல்லை. பவுலுக்குக் கோபம், அடுத்த பயணத்தில் அவனைச் சேர்க்க மறுத்தார், அதனால் பர்னபாவோடேயே பிரிவு வந்தது. ஆனால் கடைசிக் காலத்தில் அதே பவுல், “மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்” என்று எழுதுகிறார். நம் ஊரிலேயே பாருங்கள். மானிப்பாயில் தமிழில் மேலைத்தேய வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷனரி டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்தவர், நடுவில் அமெரிக்காவுக்குத் திரும்பிச் சில வருடங்கள் இருந்துவிட்டு 1862இல் மறுபடி வந்தார். பழைய மிஷன்களில் வீடு திரும்புவதற்கென்றே விடுமுறை இருந்தது. நீங்கள் மறுபடி போகவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. போகாமலே இருக்கலாம்.

வட்ஸ்அப் செய்திகளுக்குப் பதில் கடன் இல்லை. எழுதத்தான் வேண்டும் என்று தோன்றினால், “வைத்தியரின் கவனிப்பில் இருக்கிறேன், இனி எனக்கு எழுதவேண்டாம்” என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அந்த எண்ணை அடைத்துவிடுங்கள். அவர் அடுத்து என்ன வசனம் அனுப்புகிறார் என்று பார்க்க ஆசை வரும். பார்க்காதீர்கள்.

சபைத் தம்பிக்கு உங்கள் கதை முழுவதையும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, போகாதே என்று தடுக்கவேண்டியதும் இல்லை. அங்கே நல்ல வாரங்களும் இருந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சில கேள்விகளை மட்டும் அவன் கையில் கொடுங்கள். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும்? டொக்டர் தந்த மருந்தை யாராவது நிறுத்தச் சொல்வார்களா? பொது அறிக்கையில் கலந்துகொள்ளாமல் இருக்கலாமா? நடுவில் வரவேண்டிவந்தால் டிக்கட் யார் பொறுப்பு, கட்டிய காசில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? வாய்ப்பேச்சாக இல்லாமல் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். பதில் வராவிட்டாலோ சுற்றிவளைத்து வந்தாலோ, காசு கட்டுவதற்கு முன்னால் பாஸ்டரையே அந்தப் பள்ளிக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்