கொப்பியும் பென்சிலும்

கேள்வி: நிலாவெளியில் எங்கள் மீனவர் சங்கத்துக்கு என்னைத் தலைவராகத் தெரிவு செய்திருக்கிறார்கள். வயது 34, படிப்பு சாதாரணதரம் வரைதான். மூத்தவர்களை எப்படி வழிநடத்துவது, ஐயா?

பதில்: தம்பி, திருகோணமலையில் ஒரு சங்கத்துக்கு நான் 11 வருடம் தலைவராக இருந்தேன். முதல் வருடம் ஐந்தொகை, அதாவது சங்கத்தின் சொத்தும் கடனும் காட்டும் கணக்கு, வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வைத்தேன். ஐஸ் கணக்கில் காசு குறைந்தது பொதுக்கூட்டத்தில்தான் தெரிய வந்தது. அன்றிரவு நித்திரையே இல்லை. மறுநாள் கொப்பியோடு போய்க் கணக்கெழுதும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தேன். அவளுக்கு வயது 22. "இது எங்களுக்கு வரவேண்டிய காசு, இது நாங்கள் கொடுக்கவேண்டியது, ஐயா" என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டினாள். மூன்று மாதம் அப்படித்தான் படித்தேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

மூத்தவர்களிடமும் கேளுங்கள். கரைவலை இழுக்கும்போது போய் நில்லுங்கள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் வரவு சொல்கிறவர்கள் அவர்கள். கேட்டால் ஒருவரும் உங்களைக் குறைவாக எண்ணமாட்டார்கள்.

அப்புறம், நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும், தொழில் குறையும். அப்போது சங்கத்தின் விதிகளை வரி வரியாக வாசியுங்கள். கொஞ்சம் சிங்களமும் பழகுங்கள். சிங்களத்தில் கந்தோர்க் கடிதம் வந்தால் நீங்களே வாசிக்கலாம்.