உப்புத் தொட்டியில் ஏறும் பாஸ்பேட்: கேன் தண்ணீர்தான் குற்றவாளியா?

போரூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னுடையது 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, 14 மாதமாகிறது. ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு ப்ளென்னி. லெதர், மஷ்ரூம், ஜோவாந்தஸ் என்று மென்பவளங்கள். கண்ணாடியைத் துடைத்த இரண்டாம் நாளே பழுப்புப் படலம் வந்துவிடுகிறது. கல் முழுக்கப் பச்சை முடிப்பாசி. பாஸ்பேட் 0.68 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்), நைட்ரேட் 10. கடையில் கொடுத்த பாஸ்பேட் உறிஞ்சியைப் போட்டேன். மூன்று நாளில் 0.2 ஆனது, இரண்டு வாரத்தில் திரும்ப 0.5. அன்று சுருங்கிய லெதர் இன்னும் விரியவில்லை. உப்பு கலக்கவும், ஆவியாகும் தண்ணீரை நிரப்பவும் கேன் தண்ணீர்தான். அதில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 68. மின்விசிறி வைத்திருப்பதால் தினம் 4 லிட்டர் நிரப்ப வேண்டியிருக்கிறது. வாரம் 20 லிட்டர் மாற்றுகிறேன். கேன் தண்ணீர்தான் காரணமா? தனியாக ஆர்.ஓ. போடலாமா, கல்லையே மாற்றிவிடலாமா?"

கேன் தண்ணீர்மேல் பழி போடுவது சுலபம். பாதிப் பழிக்கு அது உரியதும்கூட. ஆனால் பாசிக்குத் தீனியான பாஸ்பேட் அந்தப் பாதியில் இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் கேன் தண்ணீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பேட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தினம் 4 லிட்டர் நிரப்பினால் தொட்டிக்குள் போவது 0.4 மில்லிகிராம். இப்போது தீவனத்துக்கு வருவோம். உலர் மீன் தீவனத்தில் எடையில் ஏறக்குறைய 1 சதவீதம் பாஸ்பரஸ் இருக்கும். 1 கிராம் தீவனத்தில் 10 மில்லிகிராம். பாஸ்பேட்டாக மாற்ற 3-ஆல் பெருக்கினால் 30 மில்லிகிராம். தண்ணீரிலிருந்து வருவதைப்போல 75 மடங்கு! 200 லிட்டரில் அது கரைந்தால் ஒரே நாளில் 0.15 பி.பி.எம். ஏறும். வளர்ந்த மீன் தின்ற பாஸ்பரஸில் பெரும்பங்கைக் கழிவாக வெளியே விட்டுவிடும். அதில் கொஞ்சத்தைப் பாசியும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் பிடித்துக்கொள்வதால்தான் உங்கள் எண் இன்னும் 2-ஐத் தொடவில்லை.

நீங்கள் வாரம் ஒருமுறை 20 லிட்டர் மாற்றுகிறீர்கள் அல்லவா? அது பத்தில் ஒரு பங்கு. 0.68-ஐ 0.61 ஆக்கும், அவ்வளவுதான். அடுத்த நாள் சாப்பாட்டில் அது திரும்ப வந்துவிடும். தண்ணீர் மாற்றி மட்டுமே பாஸ்பேட்டைக் குறைக்க முயல்வது ஓட்டைப் படகில் தண்ணீரை இறைக்கிற கதை.

1 கிராம் எவ்வளவு என்று தெரியாமல் பேசுகிறோமே என்று, நகை எடை போடும் சின்னத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தேன். நான் "ஒரு சிட்டிகை" என்று நம்பிக்கொண்டிருந்தது 0.6 கிராம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அது போக, "பாவம், மேலே வந்து வாயைத் திறக்குதே" என்று வீட்டில் இன்னொருவர் போடுவது தனி. உங்களுடைய மூன்று சின்ன மீனுக்கு நாளைக்கு 0.3 கிராம் தாராளம். ஒரு வாரத்துக்கானதை நிறுத்து, ஏழு அறை உள்ள மாத்திரை டப்பாவில் பிரித்து வையுங்கள். யார் போட்டாலும் அன்றைய அறை காலியானால் சாப்பாடு முடிந்தது.

அளவுக்கு முன்னால் அளவியையும் கவனிக்க வேண்டும். ஹன்னா செக்கர் என்ற சின்ன மின்னணு அளவி வைத்திருந்தால் அது எந்த ரகம் என்று பாருங்கள். ஒன்று பாஸ்பேட்டை பி.பி.எம்.மில் காட்டும். இன்னொன்று பாஸ்பரஸை பி.பி.பி.யில் (பி.பி.எம்.மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும். பின்னதில் 33 என்று வந்தால் அது 0.1 பி.பி.எம். பாஸ்பேட். இதைக் குழப்பிக்கொண்டு "எனக்கு முப்பத்து மூணாம்" என்று அலறியடித்து வருகிறவர்கள் உண்டு. உங்களுடையது முதல் ரகம் என்றே தோன்றுகிறது. அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியை வெளிப்புறம் துணியால் துடைத்துவிட்டு, மூடியை மட்டும் பிடித்து உள்ளே வையுங்கள். விரல் ரேகை ஒன்று போதும், எண் மாறிவிடும். தூளைப் போட்டுக் குலுக்கிய பிறகு சுவரில் ஒட்டியிருக்கும் குமிழிகளை மெல்லத் தட்டிவிடுங்கள். தூள் பாக்கெட்டின் மூலையில் ஒட்டியிருப்பதையும் சுண்டிக் கொட்டுங்கள். பிறகு இன்னொரு முறை முதலிலிருந்து அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 0.04 வித்தியாசம் வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை, கருவியின் பிழையே அவ்வளவு. அதற்காக மருந்து போட ஆரம்பிக்காதீர்கள்.

சரி, உறிஞ்சி போட்டும் ஏன் திரும்ப ஏறியது? பொருள் மட்டமானது என்று நினைக்க வேண்டாம். 0.68 இருந்தபோதுகூட உங்கள் தண்ணீரில் மொத்தமே 136 மில்லிகிராம் பாஸ்பேட்தான் இருந்தது. கல்லிலும் மணலிலும் அதைவிடப் பல மடங்கு ஒட்டிக்கிடக்கிறது. கல் என்பது கால்சியம் கார்பனேட். தண்ணீரில் பாஸ்பேட் கூடினால் அதைத் தன்மேல் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் குறைந்தால் திரும்ப விடும். 14 மாதமாகச் சேர்த்துவைத்ததை இப்போது தவணையில் தருகிறது. அது தீரும்வரை உறிஞ்சியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மாதக் கணக்கில் ஆகும்.

கல்லை மாற்றுவது குறுக்கு வழி மாதிரித் தெரியும். கல்லில்தான் அம்மோனியாவைக் கையாளும் பாக்டீரியா குடியிருக்கிறது, அதோடு சேர்த்துத் தூக்கி எறிவீர்கள். புதிதாக வரும் காய்ந்த கல்லிலும் செத்த உயிரிகளின் பாஸ்பேட் இருக்கலாம். இன்னொன்று: "தூத்துக்குடிப் பக்கத்துக் கல்" என்று யாராவது மலிவாகத் தந்தால் வாங்கவே வாங்காதீர்கள். கல் பவளங்கள் அத்தனையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்துக் காய்ந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

லெதர் சுருங்கியதற்குக் காரணம் பாஸ்பேட் கூடியது அல்ல, அது சரிந்த வேகம் என்பதே என் கணிப்பு. 0.68-இல் பல மாதம் பழகிய உயிரை மூன்று நாளில் 0.2-க்கு இறக்கினால் அது என்ன செய்யும்? லெதர் அவ்வப்போது மெழுகு மாதிரி ஒரு தோலை உரிப்பதற்காகவும் சில நாள் மூடிக்கிடக்கும். எனவே பிடுங்கி இடம் மாற்ற வேண்டாம். மேலே லேசாக நீரோட்டம் படும்படி பம்பைத் திருப்பி வைத்தால் போதும்.

பூஜ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற வெறி எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. உறிஞ்சியை இரட்டை அளவு போட்டு 0.00 பார்த்தேன். முடிப்பாசி மறைந்தது. மூன்றாவது வாரம் மணல்மேல் பழுப்பாகச் சளி மாதிரி ஒன்று, நூல் நூலாக, நுனியில் காற்றுக் குமிழியோடு. இரவில் மறையும், விளக்குப் போட்டால் திரும்ப வரும். டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து உதிர்ந்தன. அதை விரட்டப் பட்ட பாட்டுக்கு முடிப்பாசியே தேவலை. பாஸ்பேட்டும் உணவுதான், பவளத்துக்கும் வேண்டும். உங்கள் தொட்டிக்கு 0.05-லிருந்து 0.1 வரை இருந்தால் நான் கையே வைக்க மாட்டேன்.

உறிஞ்சி என்று நீங்கள் சொல்வது துருநிறத்தில் குருணையாக இருந்தால் அது ஜி.எஃப்.ஓ., இரும்பு ஆக்சைடு. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். துருத்தண்ணீர் தெளியும்வரை ஆர்.ஓ. தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். ரியாக்டரில் (குருணை வழியாகத் தண்ணீரை ஓடவிடும் குடுவை) என்றால் மேல்மட்டக் குருணை மட்டும் மெல்ல அசைய வேண்டும். உலை கொதிப்பதுபோலப் புரண்டால் குருணை ஒன்றோடொன்று உராய்ந்து மாவாகித் தொட்டிக்குள் வரும். வாரத்துக்கு 0.1-க்குமேல் இறங்கக் கூடாது. எப்போது மாற்றுவது? தேதி பார்த்து மாற்றாதீர்கள். ரியாக்டரிலிருந்து வெளியே வரும் தண்ணீரை அளங்கள். தொட்டியில் இருப்பதும் அதுவும் ஒன்றாகிவிட்டால் அந்த ஜி.எஃப்.ஓ. செத்துவிட்டது. இதைப் போடும் நாட்களில் ஆல்கலினிட்டி (காரத்தன்மை) கொஞ்சம் இறங்கக்கூடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். லாந்தனம் குளோரைடு என்று ஒரு திரவம் இருக்கிறது. அதை இந்த அளவுத் தொட்டிக்கு நான் சொல்ல மாட்டேன். கை தவறினால் பால்போல் கலங்கி, மீனின் செவுளைத்தான் முதலில் பிடிக்கும்.

உறிஞ்சியைவிட எனக்குப் பிடித்த வழி கீட்டோமார்ஃபா. நூல்கண்டு சிக்கியதுபோல் இருக்கும் பச்சைப்பாசி. சம்ப்பில் (மீன் தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியைச் சொல்கிறேன், வாசலில் இருப்பதை அல்ல) ஒரு கைப்பிடி போட்டு, இரவில் 10 மணி நேரம் விளக்கு எரியவிடுங்கள். முடிப்பாசி தின்பதையே இதுவும் தின்னும், ஆனால் நீங்கள் சொன்ன இடத்தில் வளரும். உங்கள் நைட்ரேட் 10 என்பது இதற்குத் தோதான எண். நைட்ரேட் பூஜ்யமாக இருந்தால் பாஸ்பேட் எவ்வளவு இருந்தும் இது வளராது. இரண்டு மடங்கானதும் பாதியைப் பிடுங்கி எறியுங்கள். பிடுங்கினால்தான் பாஸ்பேட் வீட்டை விட்டுப் போகும். சம்ப்பின் அடியில் படியும் வண்டலையும், வடிகட்டிப் பஞ்சையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்: பஞ்சு மூன்று நாளுக்கு ஒருமுறை, வண்டல் தண்ணீர் மாற்றும் அன்று.

இனி கேன் தண்ணீர். உங்கள் கண்ணாடியில் இரண்டே நாளில் வரும் பழுப்புப் படலம் பெரும்பாலும் டயாட்டம் என்ற நுண்பாசி. அதன் ஓட்டுக்கு சிலிகா வேண்டும், நிலத்தடி நீரில் அது தாராளமாக இருக்கும். கேன் கம்பெனியின் ஆர்.ஓ. அதைப் பெருமளவு நீக்கினாலும், ருசிக்காக மூலத் தண்ணீரைத் திரும்பக் கலப்பதும் உப்பு சேர்ப்பதும் உண்டு. 68 என்ற எண் அதைத்தான் சொல்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும், அதில் இருந்ததெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். தினம் 4 லிட்டர் வீதம் மாதத்துக்கு 8 கிராம். அதில் என்னென்ன என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகவே தனி ஆர்.ஓ. போடுங்கள் என்றுதான் சொல்வேன். பாஸ்பேட்டுக்காக அல்ல, இதற்காக.

புதிதாக வாங்கவும் வேண்டியதில்லை. சமையலறையில் இருக்கும் மெஷினே போதும், குழாயில் வரும் தண்ணீர் மட்டும் வேண்டாம். உள்ளே டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும், அது மூலத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். சில மெஷினில் மினரல் குடுவை. இப்போது "காப்பர்" என்று பெருமையாக எழுதி ஒன்று வருகிறது. நமக்கு நல்லதோ என்னவோ, இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் செம்பு விஷம். எனவே மெக்கானிக்கிடம், உப்பை வடிக்கும் சவ்வான மெம்பரேனைத் தண்ணீர் விட்டு வந்த உடனேயே ஒரு டி கனெக்டர் போட்டுத் தனிக்குழாய் எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் குழாயின் முடிவில் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குடுவை ஒன்று. நிறம் மாறும் ரெசினாக வாங்கினால் எது தீர்ந்தது என்று கண்ணுக்கே தெரியும். போர் தண்ணீர் டி.டி.எஸ். 900 என்றால், நல்ல மெம்பரேன் அதை 30-க்குக் கொண்டுவரும். ரெசின் அதைப் பூஜ்யமாக்கும். மெம்பரேன் பழசாகி 90 விட்டால் ரெசின் மூன்று மடங்கு வேகத்தில் தீரும், காசு அங்கேதான் போகும்.

மெஷினைப் போட்டதும் முதல் சில நிமிடம் வரும் தண்ணீரில் டி.டி.எஸ். ஏகத்துக்கும் இருக்கும். நின்றிருக்கும்போது மெம்பரேனின் இரு பக்கமும் உப்பு சமமாகிவிடுவதால் வருவது அது. ரெசினுக்குள் விடாமல் வாளியில் பிடித்துத் துணி அலசுங்கள். டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டினால் எல்லாம் சுத்தம் என்றும் இல்லை. ரெசின் தீரப்போகும்போது முதலில் நழுவி வருவது சிலிகா. மீட்டருக்கு அது தெரியாது. ஆகையால் 1 காட்டியவுடனே ரெசினை மாற்றிவிடுங்கள், 5 வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வாரத்துக்கு உங்களுக்கு வேண்டியது மாற்ற 20, நிரப்ப 28, ஆக 48 லிட்டர். வீட்டு மெஷினுக்கு நாலைந்து மணி நேர வேலை. மூடி போட்ட, உணவுக்கு ஆகும் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வையுங்கள். பித்தளை வால்வு வழியில் எங்கும் வரக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை செய்துவிடாதீர்கள். இந்த வாரம் தீவனம் மட்டும். அடுத்த வாரம் ஆர்.ஓ. குழாய். மூன்றாவது வாரம் கீட்டோ, அதோடு பாதி அளவு ஜி.எஃப்.ஓ. சனிக்கிழமைதோறும் ஒரே நேரத்தில், தீவனம் போடும் முன் அளந்து காலண்டரிலேயே எழுதி வையுங்கள். ஆறாவது வாரம் எண் 0.4-க்கு மேலேயே நின்றால், அந்தக் காலண்டரையும் சம்ப்பின் ஒரு படத்தையும் எனக்கு அனுப்புங்கள். முடிப்பாசி அதற்குள் போகாது. கையால் பிடுங்கிக்கொண்டே இருங்கள்.