உத்தரகாசிச் சுரங்கப்பாதையில் சிக்கிய 41 பேர் மீட்கப்பட்டபோது நாடே கொண்டாடியதே, அது உண்மையான அக்கறையா, தொலைக்காட்சி கிளப்பிய உணர்ச்சியா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மண்வேலை செய்கிற வீட்டில் பிறந்தவராக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். மண்ணுக்குள் ஆள் சிக்கிக்கொள்வது உங்களுக்கு எப்போதோ வரும் செய்தி. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த வேலையால்தான். என் அப்பா உறைக்கிணறு இறக்குகிறவர்.

திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடக்கரைப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் பகுதியில் பாறை கிடையாது, எவ்வளவு ஆழம் போனாலும் மணல்தான். அதனால் கிணற்றை வெட்டிவிட்டுச் சுவர் கட்ட முடியாது. வெட்ட வெட்டச் சரியும். சிமெண்ட் உறையைத் தரையில் வைத்து, அதற்குள் ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து, உறையின் விளிம்புக்கு அடியில் இருக்கும் மணலைச் சுற்றிச் சுற்றித் தோண்டி எடுப்பார். உறை தன் கனத்தால் கீழே இறங்கும். மேலே இன்னொரு உறையை ஏற்றுவார்கள். தோண்டுகிற ஆளும் உறையோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே போவார். அப்பா நாற்பது ஆண்டுகள் அப்படி இறங்கினார். பழைய கிணற்றில் தூர் எடுக்கப் போனால் முதலில் வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழுமாக ஆட்டுவார், உள்ளே கெட்ட காற்று தங்கியிருக்கக்கூடாது என்பதற்காக. அதன் பிறகே கால் வைப்பார்.

1996 கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆறு வறண்டு, மேட்டூர் திறப்புக்கு எல்லோரும் காத்திருந்த நேரம். படுகையில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவரின் பழைய கிணறு வற்றிவிட்டது. மேல்பாதி செங்கல் கட்டு, கீழே உறை. இன்னும் நான்கு உறை ஆழம் இறக்க வேண்டும் என்று அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா போய்ப் பார்த்துவிட்டு, "செங்கல் வயிறு தள்ளி நிற்கிறது, சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்தால்தான் இறங்குவேன்" என்றார். முட்டுக்கான கட்டைச் செலவைத் தோட்டக்காரர் ஏற்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் குறைந்த கூலிக்குப் பக்கத்து ஊர் இளைஞர் ஒருவரை இறக்கிவிட்டார். அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

காலை பத்து மணி வாக்கில் செங்கல் கட்டின் ஒரு பக்கம் இடிந்து, அதன் பின்னால் இருந்த மணல் முழுவதும் உள்ளே கொட்டிவிட்டது. இருபது அடி ஆழத்தில் அந்த ஆள் மார்பு வரை புதைந்து நின்றார். ஒரு கை மட்டும் வெளியே இருந்தது.

ஊரே ஓடியது. நானும் ஓடினேன். அப்பா வருவதற்கு முன்பே நான்கு பேர் அவர் கக்கத்தில் வடக்கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் போட்ட அலறல் எனக்கு இன்றும் கேட்கிறது. அப்பா வந்ததும் முதலில் கயிற்றைப் பிடுங்கினார். "இழுத்தால் தோள் கழன்று வரும், ஆள் வரமாட்டான். மணல் பிடித்தால் விடாது" என்றார். அடுத்து, சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து அப்படி ஒரு சத்தம் போட்டார். அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கூட்டம் நிற்கிற கனத்திலேயே விளிம்பு மணல் பொடிப்பொடியாக உள்ளே உதிர்ந்துகொண்டிருந்தது. காப்பாற்ற வந்தவர்களே மூடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தென்னைமர வரிசைக்குப் பின்னால் போனார்கள்.

பிறகு நடந்தது மெதுவான வேலை. முதலில் மூங்கிலையும் சவுக்குக் கட்டையையும் குறுக்கே வைத்து மீதிச் செங்கல் கட்டுக்கு முட்டுக் கொடுத்தார்கள். இரண்டு நாள் முன்பு வாங்க மனமில்லாத அதே கட்டைகள், இப்போது அரை மணி நேரத்தில் மாட்டுவண்டியில் வந்து இறங்கின. நெல் அவிக்கிற பெரிய தகர டிரம் ஒன்றை ஒரு வீட்டிலிருந்து கொண்டுவந்து, அடியை வெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் திறந்த குழாய்போல ஆக்கினார்கள். அதைக் கயிற்றில் இறக்கி அந்த இளைஞரின் தலைவழியாக மாட்டி மணலில் நிறுத்தினார்கள். டிரம்முக்கு வெளியே இருக்கும் மணல் இனி அவர்மேல் சரியாது. அப்பா கிணற்றுக்குள் இறங்கி, டிரம்முக்குப் பக்கத்தில் போட்ட பலகையில் குப்புறப் படுத்து, டிரம்முக்குள் கையை விட்டு, கொட்டாங்கச்சியால் மணலை அள்ளி அள்ளிக் கூடையில் போட்டார். அள்ள அள்ள டிரம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கினார்கள். இடுப்புக்குக் கீழே கொட்டாங்கச்சி நுழைய இடமில்லை. விரல்களால் தோண்டினார். தீயணைப்பு வண்டி கரைவழி உள்ளே வர முடியாமல் தாமதமானது. வந்த வீரர்கள் இறங்கிப் பார்த்துவிட்டு, "நீங்களே செய்யுங்கள் ஐயா, நாங்கள் கயிற்றைப் பிடிக்கிறோம்" என்றார்கள். அந்தப் பெருந்தன்மையை எங்கள் வீட்டில் இன்னும் பேசுவோம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஆள் மேலே வந்தார். பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ தேங்காய் உடைத்தார்கள். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டது. அன்று முழுவதும் வந்தவர்களுக்குச் சோறு போட்டதற்காகத் தோட்டக்காரரைப் புகழாத வாய் இல்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அப்பா வரப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். வலது கையில் மூன்று விரல்களுக்கு நகம் இல்லை. அம்மா சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் தோட்டக்காரர் வீட்டுக்கு வந்தார், மீதி வேலையை எப்போது முடித்துத் தருவாய் என்று கேட்க.

என் அப்பா ஒருவர்தான் காப்பாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அவரே கோபித்துக்கொள்வார். வெறுங்கையால் தோண்டுவது பெரிய வீரம், இயந்திரம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தக் கைகளைத் தொட்டுப் பார்த்தவள் அப்படிச் சொல்லமாட்டாள்.

இப்போது உத்தரகாசிக்கு வருகிறேன். 2023 நவம்பர் 12, தீபாவளியன்று காலையில் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்தது. அது கனிமச் சுரங்கம் இல்லை, மலையைக் குடைந்து போடுகிற சாலை; ஆனால் உள்ளே சிக்கியவர்களுக்கு அந்த வேறுபாடு எதற்கு? ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசம், பீகார், ஒடிசா என்று பல மாநிலங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். இடிபாட்டுக்குள் 800 மில்லிமீட்டர் அகலக் குழாயை ஆகர் என்ற துளையிடும் இயந்திரத்தால் தள்ளிக்கொண்டே போனார்கள். இன்னும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருக்கும்போது இயந்திரம் இரும்புக் கம்பிகளில் சிக்கி உடைந்துவிட்டது. அதன் பிறகுதான் எலிவளைத் தொழிலாளர்கள் என்று அழைக்கப்பட்ட பன்னிரண்டு பேர் வந்தார்கள். டெல்லி போன்ற நகரங்களில் சாலைக்கு அடியில் குழாய் பதிக்கிற வேலையைச் செய்தவர்கள். குழாய்க்குள் தவழ்ந்து போய், ஒருவர் தோண்ட, ஒருவர் அள்ள, வெளியே இருப்பவர் இழுக்க, ஏறக்குறைய ஒரு நாளில் அந்தத் தூரத்தைக் கடந்தார்கள்.

அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததும் நான் கத்திவிட்டேன். எங்கள் உறையைப் படுக்கவைத்தால் அதுதான். அப்பா இறக்கிய டிரம்மைப் படுக்கவைத்தாலும் அதுதான். மண் சரியாதபடி ஒரு கூடு, கூட்டுக்குள் ஒரு மனிதன், அவன் கையில் சிறிய கருவி.

28ஆம் தேதி இரவு எட்டு மணி வாக்கில் முதல் ஆள் வெளியே வந்தபோது எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். மழைத் தூறலில் பதினேழாவது நாள் தீபாவளி. உத்தராகண்ட் முதலமைச்சர் மாலை போட்டார், எல்லா ஊரிலும் இனிப்புக் கொடுத்தார்கள். அதைப் போலி என்று நான் சொல்லமாட்டேன். மாரியம்மன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போன கூட்டமும் போலி இல்லை. அவர்களில் பாதிப் பேர் பகலெல்லாம் சாப்பிடாமல் நின்றவர்கள். ஆனால் கொண்டாட்டம் எப்போதும் வெளியே வருகிறவரைப் பார்க்கிறது, உள்ளே போனவரைப் பார்க்க மறந்துவிடுகிறது. மீட்கப்பட்ட 41 பேருக்கு ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய், தோண்டியவர்களுக்கு ஐம்பதாயிரம். அடுத்த பிப்ரவரியில் தோண்டியவர்களில் ஒருவரின் வீடே டெல்லியில் ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்பட்டது. வீடு இடிந்த சட்டச் சிக்கலுக்குள் நான் போகவில்லை. மூன்று மாதம் முன்பு நாடு தோளில் வைத்த மனிதன் என்பது அந்த ஊரில் ஒருவருக்குமா நினைவு வரவில்லை?

சிலர் கேட்பார்கள், எலி வளைபோல ஆள் தவழ்கிற அளவுக்கு மட்டும் குடைந்து போகிற எலிவளை முறை தடைசெய்யப்பட்டதுதானே, அதைக் கொண்டாடலாமா என்று. மேகாலயா நிலக்கரிச் சுரங்கங்களில் அந்த முறையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடைசெய்தது. சரியான தடை. தடைக்குப் பிறகும், 2018 டிசம்பரில், கிழக்கு ஜெயந்தியா மலையில் அப்படிப்பட்ட ஒரு சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து பதினைந்து பேர் சிக்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் தாய்லாந்துக் குகையிலிருந்து பன்னிரண்டு சிறுவர்களையும் அவர்கள் பயிற்சியாளரையும் மீட்டதை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்தோம், ஒவ்வொரு சிறுவன் வெளியே வந்தபோதும் கைதட்டினோம். மேகாலயாவில் வலுவான பம்புகள் வந்துசேரவே நாள்கள் ஓடின. அந்தப் பதினைந்து பேருக்காக எங்கள் தெருவில் யாரும் விழித்திருக்கவில்லை. நானும் விழித்திருக்கவில்லை, இதை ஒத்துக்கொள்கிறேன். நமக்கு அக்கறை இல்லாமல் இல்லை. யாராவது காட்டினால்தான் அது விழிக்கிறது.

2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததே, அந்தத் தீபாவளிக்கு எங்கள் தெருவில் யாரும் புத்தாடை உடுத்தவில்லை. அப்பா தொலைக்காட்சி முன்னால் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குழி தோண்டும் இயந்திரம் பாறையில் திணறியபோது, "அங்கே பாறை. நம் மணலாக இருந்தால் நான் போயிருப்பேன்" என்றார். அவருக்கு அப்போதே எழுபது வயது. அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வருகிறது, கேள்விக்குத் தொடர்பில்லை என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை. போன குறுவையில் என் தம்பியின் நெல் பதினோரு நாள் கொள்முதல் நிலையத்து வாசலில் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பினார்கள். காயவைத்தால் மழை, மூடிவைத்தால் முளை. ஐப்பசியில் அறுத்த நெல்லில் ஈரம் இல்லாமல் எங்கிருந்து வரும்? தார்ப்பாய் வாடகைக்கு எடுத்து, இரவில் மூட்டைமேலேயே படுத்துக் கிடந்தான். ஒரு கேமராவும் வரவில்லை. எங்கள் பக்கம் மனிதன் மண்ணுக்குள் போனால்தான் செய்தி. மண்ணுக்கு மேலே நின்று முழுகினால் செய்தி இல்லை. இந்தக் கோபத்தை எங்கேயாவது எழுத வேண்டும் என்று இருந்தது, எழுதிவிட்டேன்.

உங்கள் கேள்விக்கு அப்பா சொல்லும் பதில் வேறு. நான் கோபப்படுகிற அளவுக்கு அவர் கோபப்படுவதில்லை. எலிவளைத் தொழிலாளர்களின் முகங்களைத் தொலைக்காட்சியில் காட்டியபோது, "முகம் இருக்கட்டும், கையைக் காட்டச் சொல்" என்றார், அவ்வளவுதான். 1996இல் ஊர் உங்களைக் கோயிலுக்குக் கூப்பிடவில்லையே என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். "பின்னால் போ என்றதும் போனார்களே பாப்பா, அதற்கு மேல் என்ன வேண்டும்? நின்று பார்க்கத் துடிக்கிறவன் விலகி நிற்பது சுலபமா?" என்றார். கட்டை ஏற்றிவந்த மாட்டுவண்டிக்காரர், அரிசிக்கு ஆதாரமாக இருந்த டிரம்மை வெட்டக் கொடுத்த வீட்டுக்கார அம்மா, இருட்டியதும் பெட்ரோமாக்ஸைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்ற பையன் எல்லோரும் அவருக்கு நினைவிருக்கிறார்கள். தோட்டக்காரரைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

இதை எழுதத் தொடங்கியபோது, அன்று கயிற்றைப் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று அவரிடம் கேட்டேன். ஒன்பது பேர் என்றார். எட்டுப் பேரை வீட்டு அடையாளத்தோடு சொன்னார். அவர்களில் ஐந்து பேர் இப்போது இல்லை. ஒன்பதாவது ஆள் மட்டும் பிடிபடவில்லை. சாயங்காலத்திலிருந்து கட்டிலில் படுத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருக்கிறார். இப்போது உள்ளேயிருந்து கூப்பிடுகிறார். நினைவுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. போய்க் கேட்கிறேன்.