பெரிய இன்ஜின்கள்: உடையும் முன் கண்டுபிடிக்க முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மின் உற்பத்தி டீசல் இன்ஜினின் ஆயில் சாம்பிளை மாதந்தோறும் சோதனைக்கு அனுப்புகிறோம். கடைசி ரிப்போர்ட்டும் ‘நார்மல்’தான். ஆனாலும் ஒரு பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனை கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டின் கீழ்முனைத் தாங்கி) உருகிவிட்டது. இந்தச் சோதனையை நம்பலாமா?

பதில்: நம்பலாம். ஆனால் அதன் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்று அறிந்து நம்ப வேண்டும். எண்ணெயில் எந்த உலோகம் எவ்வளவு என்று அளக்கும் ஆய்வகத்து ஸ்பெக்ட்ரோமீட்டர், ஏறத்தாழ 5–8 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்படாத துகள்களைத்தான் சரியாகக் கணக்கெடுக்கும். பேரிங் உரியும்போது வருபவை அதைவிடப் பெரிய செதில்கள். அவை ஃபில்டரில் சிக்கும், அல்லது சம்ப்பின் (இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) அடியில் தங்கும். ஆகவே ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் பழையதை வெட்டித் திறந்து, எண்ணெய் வடிந்ததும் மடிப்புகளை விரித்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் வெள்ளையாகவோ செம்பு நிறத்திலோ மின்னினால் முதல் சந்தேகம் பேரிங் மேல்தான் விழ வேண்டும்.

ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்ற சொல்லைத் தாண்டி எண்களின் போக்கைப் பாருங்கள். ஈயம் 3, 4, 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று வந்துகொண்டிருந்து ஒரு மாதம் 11 ஆனால், அது எல்லைக்குள் இருக்கலாம். ஆனாலும் உள்ளே ஏதோ மாறிவிட்டது. ஈயம், வெள்ளீயம், செம்பு மூன்றும் சேர்ந்து ஏறினால் பேரிங். இரும்பும் குரோமியமும் சேர்ந்து ஏறினால் லைனர் (சிலிண்டரின் உள்சுவர்), பிஸ்டன் ரிங். சோடியம் ஏறினால் கூலன்ட் கசிவைத் தேடுங்கள். தண்ணீர் சூட்டில் ஆவியாகிப் போனாலும் சோடியம் எண்ணெயிலேயே தங்கிவிடும். இடையில் எத்தனை லிட்டர் புது ஆயில் ஊற்றினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். டாப்-அப் எல்லா எண்களையும் நீர்க்கச் செய்துவிடும்.

சாம்பிளை இன்ஜின் சூடாக ஓடும்போது, ஃபில்டருக்கு முன்னால், எப்போதும் ஒரே வால்விலிருந்து எடுக்க வேண்டும். முதலில் வரும் ஆயிலைத் தனியாக வடித்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும், ஆயில் வராமல் காய்ந்து போகும் பேரிங் சில நிமிடங்களிலேயே உருகிவிடும். மாதச் சோதனை அதைப் பிடிக்காது. பேரிங் வெப்பநிலை சென்சாரும், இன்ஜினுக்குள் எண்ணெய்ப் புகை சேர்வதைக் கண்டறியும் ஆயில் மிஸ்ட் டிடெக்டரும் அதற்காகத்தான்.

கேள்வி: ஆயில் மிஸ்ட் அலாரம் அடித்தால் உடனே கிராங்க்கேஸ் (கிராங்க்ஷாஃப்ட் சுழலும் அடிக்கூடு) கதவைத் திறந்து பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. உயிர் போகிற தவறு இது.

அளவுக்கு மீறிச் சூடான பாகத்தில் பட்ட எண்ணெய் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் நுண்ணிய எண்ணெய்த் துளிகளாலான வெண்புகையாக மாறுகிறது. காற்றில் அது லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் சேர்ந்தால் தீப்பற்றும். நல்ல டிடெக்டர் 2.5 மில்லிகிராமுக்குள்ளாகவே அலாரம் கொடுத்துவிடும். ஆகவே உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அதைச் சரியாகப் பயன்படுத்துங்கள். லோடைக் குறைத்து இன்ஜினை நிறுத்துங்கள். உள்ளே வெடித்தால் அழுத்தத்தை வெளியேற்றும் கிராங்க்கேஸ் ரிலீஃப் வால்வுகள் இருக்கும் பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. ஆயில் பம்ப் ஓடட்டும். கிராங்க்கேஸ் காற்றை உறிஞ்சும் ஃபேன் இருந்தால் நிறுத்துங்கள். குறைந்தது 20 நிமிடம் காத்திருங்கள். தயாரிப்பாளர் கையேடு கூடுதலாகச் சொன்னால் அதன்படி. அதற்குமுன் கதவைத் திறந்தால் புதுக்காற்று உள்ளே போய், சூடான இடமே தீ மூட்டிவிடும். 1947-இல் ‘ரெய்னா டெல் பசிஃபிகோ’ கப்பலில் நடந்த கிராங்க்கேஸ் வெடிப்பில் 28 பேர் இறந்தார்கள்.

டிடெக்டரின் லென்ஸில் ஈரம் படிந்து பொய் அலாரம் வருவதும் உண்டு. ஆனால் அதைப் பொய் என்று முடிவு செய்வது எல்லா பேரிங்கையும் பார்த்த பிறகுதான். காரணம் தெரியாமல் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கேள்வி: பிக் எண்ட் போல்ட்டுகளில் விரிசலே இல்லை. ஓடிய மணிநேரக் கணக்குக்காக மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில், எக்ஸாஸ்ட் முடிந்து பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது அதைக் கீழே இழுப்பவை இந்த போல்ட்டுகளே. 750 ஆர்பிஎம் இன்ஜினில் 8,000 மணி நேரத்துக்கு இது 18 கோடி முறை. விரிசல் மரையின் அடியில் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும்போது ஆயுள் ஏறக்குறைய முடிந்திருக்கும். இன்ஜின் ஓவர்ஸ்பீடு ஆனாலோ, பிஸ்டன் பிடித்துக்கொண்டாலோ, மணிக்கணக்கைப் பார்க்காமல் உடனே மாற்றுங்கள். போல்ட்டைக் கழற்றும்போதெல்லாம் நீளத்தை அளந்து பழைய அளவோடு ஒப்பிடுங்கள். நீண்டிருந்தால் அதை மீண்டும் மாட்டக் கூடாது.